எங்கள் விளையின் குழிக்கூறு

நாங்கள் அந்த விளைக்குக் குடி போனது கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூறுக்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. சிதறால் மலையிலிருந்து மேற்கே இறங்கினால் ஒரு மணி நேர நடை. மேட்டு நிலம், ஒன்றரை ஏக்கர் இருக்கும். விளை என்று பேர்தானே தவிர அதில் விளைந்தது ஒன்றும் இல்லை. சரல்மண், இடையிடையே பாறை, ஓரத்தில் ஒரு புளியமரம், நாலு பனை. ஆடுகூட மேயாத இடம் என்று என் தகப்பனார் சொன்னார்.

அது ஒரு மருமக்கள்வழிக் குடும்பத்தின் சொத்து. அவர்களில் சொத்து பெண்வழியில்தான் இறங்கும். அந்தக் குடும்பத்துக் காரணவர், அதாவது சொத்தையெல்லாம் நோக்கி நடத்துகிற மூத்த தாய்மாமன், அதை என் வீட்டுக்காரருக்குப் பாட்டத்துக்கு, குத்தகைக்கு, எழுதிக் கொடுத்திருந்தார். பன்னிரண்டு வருஷத் தவணை. முதல் மூன்று வருஷம் பாட்டம் இல்லை. அதற்குப் பிறகு வருஷத்துக்கு முப்பது ரூபாய். மரம் வைத்து உண்டாக்கிக்கொள்ளலாம் என்று சீட்டில் எழுதியிருந்தது.

என் வீட்டுக்காரர் அதிகம் பேச மாட்டார். ஒரு வேலையைத் தொடங்கினால் முடியும்வரை சோறு கேட்க மாட்டார். முதல் மழைக்கு முன்பே எழுபது குழிக்குமேல் வெட்டிவிட்டார். தென்னம்பிள்ளைகளைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து வைத்தோம். வெள்ளம், அதாவது தண்ணீர், கீழே ஓடையில்தான். கோடையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று நாளுக்கு ஒரு குடம் விடவேண்டும். அந்த ஏற்றத்தில் குடத்தை இடுப்பில் வைத்து ஏறி ஏறி என் இடது பக்கம் காய்த்துப் போயிற்று. என் மகள் வயிற்றில் இருக்கும்போதும் சுமந்தேன். மூன்று கோடை அப்படிப் போன பிறகுதான் மரங்கள் தானே நிற்கப் பழகின.

பிறகு கமுகு வைத்தோம், பிலா வைத்தோம், புளியில் நல்லமிளகுக் கொடி ஏற்றினோம். மிச்ச இடத்தில் மரச்சீனிக் கிழங்கு. அவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து இரண்டு கோடை கிணறு வெட்டினார்கள். பாறை வந்தது, வெள்ளம் வரவில்லை. மழைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் ஊறும்.

காரணவர் வருஷத்தில் இரண்டு தடவை வருவார். அவரை நாங்கள் 'அங்கத்தே' என்றுதான் விளிப்போம். குடையை மடக்கிப் பிலாமரத்தில் சாய்த்து வைத்துவிட்டு ஒவ்வொரு மரமாகப் பார்த்துக்கொண்டே நடப்பார். நல்ல மனுஷன். என் மகளுக்கு ஒரு தடவை காய்ச்சல் வந்தபோது தன் வீட்டிலிருந்து கஷாயம் கொடுத்து அனுப்பினார். பாட்டத்தை முழுக்கப் பணமாக வாங்கினதில்லை. பாதி பணம், பாதி பிலாச்சக்கை, தேங்காய். ஆவணியில் அவர் வீட்டுக் கூரைக்கு ஓலை முடைந்து கட்டிக்கொடுப்பது என் வீட்டுக்காரர் வேலை. அதையும் பாட்டத்தில் கழித்துக்கொள்வார். ரசீது என்று ஒன்று அவர் தந்ததில்லை. நாங்களும் கேட்டதில்லை. கேட்டால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். பாட்டக்காரன் அப்படிக் கேட்பது அந்தக் காலத்தில் வழக்கமும் இல்லை.

மரங்கள் குலை தள்ளத் தொடங்கின நேரம் பார்த்துத் தேங்காய் விலை விழுந்தது. ஒரு சக்கரக் காசுக்கு ஒன்று என்று விற்ற காய், சக்கரத்துக்கு மூன்று என்றாலும் கேட்க ஆளில்லை. நல்லமிளகும் அப்படித்தான். தொடுவெட்டிச் சந்தைக்கு விடியுமுன் சுமை கொண்டு போனவர், மத்தியானம் அதே சுமையோடு திரும்பி வந்தார். நான் இறக்கப் போனேன். "இருக்கட்டு, நானே இறக்குதேன்" என்று சொல்லிவிட்டு முற்றத்தில் கொஞ்ச நேரம் சுமையைத் தலையில் வைத்தபடியே நின்றார்.

அந்த வருஷம் பாட்டம் பாதிதான் கொடுக்க முடிந்தது. அடுத்த வருஷம் ஒன்றும் கொடுக்கவில்லை. அதற்கு அடுத்த வருஷமும் பாதி. ஆக நாங்கள் கொடுக்கவேண்டியது இரண்டு வருஷப் பாட்டம். இதை நான் மறைக்கவில்லை. கோர்ட்டிலும் மறைக்கவில்லை. காரணவரிடம் சொன்னபோது, "விலை வரட்டு, பாப்பம்" என்றார்.

விலை வருமுன் பாகம் வந்தது. மருமக்கள்வழிக் குடும்பங்களெல்லாம் அப்போது சொத்தைப் பிரித்துக்கொண்டிருந்தன. அந்தக் குடும்பமும் பிரிந்தது. எங்கள் விளை காரணவரின் மருமகன் ஒருவருக்கு, அவருடைய தங்கையின் மகனுக்கு, பங்காக விழுந்தது. அவர் திருவனந்தபுரத்தில் ஒரு சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. நாங்கள் அவரைப் பார்த்ததே இல்லை. அவரும் விளையைப் பார்த்ததில்லை.

முதலில் வந்தது அவருடைய வக்கீல் அனுப்பிய நோட்டீஸ். மலையாளத்தில் இருந்தது. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்பு படித்தவள். தமிழ் வாசிப்பேன். மலையாளம் காதில் விழுந்தால் விளங்கும், எழுத்து தெரியாது. சர்ச் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் கொண்டு போனோம். அவர் ஒரு தடவை மனதுக்குள் வாசித்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"அஞ்சு வருஷப் பாட்டம் பாக்கின்னு எழுதியிருக்கு" என்றார்.

"ரெண்டு வருஷந்தான்" என்றார் என் வீட்டுக்காரர்.

"இதுல அஞ்சுன்னு இருக்கு. தவணையும் முடிஞ்சு போச்சு, அதனால விளைய ஒழிஞ்சு குடுக்கணும்ணு எழுதியிருக்கு. இல்லேன்னா கேசு."

பன்னிரண்டு வருஷம் முடிந்து சில மாதம் ஆகியிருந்தது உண்மைதான். முடிந்தால் என்ன, மறுபடி எழுதுவார்கள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். எல்லோருக்கும் அப்படித்தானே எழுதினார்கள்.

ஆற்றங்கரையிலிருந்த முன்சீப் கோர்ட்டுக்குப் போய் ஒரு வக்கீலைப் பிடித்தோம். வயதானவர். மூக்குப்பொடி போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். அவர்தான் முதன்முதலாகக் குழிக்கூறு என்ற வார்த்தையை எங்களுக்கு விளக்கிச் சொன்னார். பாட்டக்காரன் வைத்து உண்டாக்கிய மரத்துக்கும் கட்டிய வீட்டுக்கும் உள்ள விலை அது. அதைக் கொடுக்காமல் பாட்டக்காரனை நிலத்திலிருந்து இறக்க முடியாது. அது சட்டம்.

என் வீட்டுக்காரர் திரும்பி வரும்போது வழியெல்லாம் பேசினார். கல்யாணமானதிலிருந்து அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"ஏட்டி, ஒவ்வொரு தென்னை மூட்டுக்கும் விலை உண்டாம். கமுகுக்கும் உண்டு. பிலாவுக்கும் உண்டு. திருவனந்தபுரத்துல கணக்கெழுதுதவன் அவ்வளவு பணத்துக்கு எங்க போவான்? நம்ம மரம் நம்மள அங்கேயே நிறுத்திப் போடும்."

"அஞ்சு வருஷம்ணு போட்டிருக்காவளே?"

"அங்கத்தே இருக்காரில்லா? அவரு வந்து வாங்கினேன்னு ஒரு வார்த்தை சொன்னா மதி, வேற ஒண்ணும் வேண்டாம்."

அன்று சாயங்காலம் அவர் விளை முழுவதும் நடந்து மரங்களை எண்ணினார். தென்னை மட்டும் எழுபத்தொரு மூடு. பட்டுப்போனதை மாற்றி மாற்றி வைத்ததால் எல்லாம் ஒரே வயது இல்லை. முப்பத்தெட்டு காய்த்துக்கொண்டிருந்தது.

கேசு தொடங்கி, தவணைமேல் தவணையாகப் பத்து மாதம் நடந்தது. ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் வேலை போயிற்று. இடையில் கோர்ட்டிலிருந்து மரங்களை மதிப்புப் போடக் கமிஷன் வந்தது. ஒரு இளவயது வக்கீல், அவருக்கு ஒரு குமாஸ்தா, சுண்ணாம்புச் சட்டியும் மட்டையும் பிடித்த ஒரு ஆள். திருவனந்தபுரத்துக் குமாஸ்தா முதலாளியின் சார்பில் ஒரு காரியஸ்தரும் வந்தார்.

காலையில் தொடங்கினார்கள். ஒவ்வொரு மரத்திலும் சுண்ணாம்பால் ஒரு கோடு. காய்ப்பது ஒரு தரம், காய்க்காதது ஒரு தரம், கன்று ஒரு தரம். வண்டு விழுந்த மரத்தைத் தட்டிப் பார்த்து விட்டுவிட்டார்கள். நான் பின்னாலேயே போனேன். கிழக்கு மூலையில் ஐந்து மரம் அடுத்த மழைக்குக் குலை தள்ளும் பருவத்தில் நின்றது. பாளை முட்டிக்கொண்டிருந்தது கண்ணுக்குத் தெரிந்தது.

"இது காய்க்கப் போவுதில்லா, ஐயா. நோக்குங்க, பாளை வந்தாச்சு" என்றேன்.

கமிஷன் வக்கீல் நின்று அண்ணாந்து பார்த்தார். "நான் இண்ணைக்கு உள்ளதத்தான் எழுதணும், அம்மா. இண்ணைக்கு காய் இல்ல" என்றார். முகத்தில் கடுமை இல்லை. எழுதச் சொன்னார். காய்க்காதது.

மரச்சீனியைக் கணக்கில் எடுக்கவில்லை. அது பயிர், மரம் அல்ல. மிளகுக்கொடி ஏறியிருந்த புளி எங்களுக்கு முன்பே நின்ற மரம், அதனால் அதுவும் இல்லை. கொடிக்கும் எங்கள் குடிசைக்கும் மட்டும் ஏதோ போட்டார்கள். கிணற்றங்கரையில் காரியஸ்தர் ஒரு கல்லை எடுத்து உள்ளே போட்டார். கல்லில் கல் விழுந்த சத்தம் கேட்டது.

"வெள்ளமில்லாத கிணத்துக்கு என்ன விலை?" என்றார் அவர்.

என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இரண்டு கோடையில் வெட்டியது என்று சொல்ல நினைத்திருப்பார். சொல்லவில்லை. கிணற்றுக்கு ஒன்றும் போடவில்லை.

வெயில் ஏறினபோது நான் இளநீர் வெட்டிக் கொண்டுபோய் நீட்டினேன். கமிஷன் வக்கீல் கையைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டார். நான் ஜாதி பார்க்கிறார் என்று நினைத்துக் கூனிப்போனேன். அவருக்கே அது புரிந்திருக்க வேண்டும். "அது இல்ல. கட்சிக்காரங்க கையிலிருந்து ரெண்டு பக்கமும் நான் ஒண்ணும் குடிக்கக்கூடாது" என்றார். காரியஸ்தர் நீட்டின வெற்றிலையையும் அவர் வாங்கவில்லை. ஓடைக்கு இறங்கிப் போய்க் கையால் அள்ளிக் குடித்துவிட்டு வந்தார். அவரை ஒரு குறை சொல்ல எனக்கு இன்றுவரை முடிந்ததில்லை. வண்டு விழாத ஒரு மரத்தைக்கூட அவர் விடவில்லை. எல்லாம் நேர்மையாக எழுதித்தான் எங்கள் பன்னிரண்டு வருஷமும் அவ்வளவு சின்னதாயிற்று.

இனிமேல் காரணவரின் சாட்சி ஒன்றுதான் இருந்தது. பாகம் பிரிந்த பிறகு அவர் தம் பெண்சாதி வீட்டில் இருந்தார். சம்மன் போய்விட்டது என்று வக்கீல் சொன்னார். ஆனாலும் நேரில் ஒரு தடவை சொல்லிவிட்டு வரலாம் என்று நான் மட்டும் போனேன். என் வீட்டுக்காரர் வரவில்லை. பெரியவரிடம் போய்க் கெஞ்சினால் அவரைச் சந்தேகப்பட்டது போலாகும் என்று சொல்லிவிட்டார்.

வாசலில் ஒரு சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார். மெலிந்து போயிருந்தார். நான் முற்றத்தில் நின்றேன். என்னைப் பார்த்ததும் அவரே எழுந்து உட்கார்ந்தார்.

"பிள்ளே, மகளுக்குக் காய்ச்சல் ஒண்ணும் இல்லியே?"

"இல்ல அங்கத்தே." பிறகு நான் வந்த காரியத்தைச் சொன்னேன். "நீங்க வாங்கினது உண்டுன்னு ஒரு வார்த்தை சொன்னா மதி. வாங்காதத வாங்கினேன்னு சொல்ல வேண்டாம்."

அவர் தலையை ஆட்டினார். "எனக்கு எல்லாம் ஓர்மையுண்டு. நாலாவது வருஷம் உன் மாப்பிள்ளை கொண்டு வந்த சக்க தேன்போல இருந்து. அறுபது தேங்காய் குறைஞ்சுன்னு அவனே சொல்லி, மறு மாசம் கொண்டு தந்தான். ஓலை கெட்டும்போ மேலேருந்து விழப் பாத்தான். ஒண்ணும் மறக்கல்ல."

எனக்கு உயிர் வந்தது போலிருந்தது.

"ஆனா நான் கோர்ட்டுல ஓர்மையில்லேன்னுதான் சொல்லுவேன்" என்றார்.

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கேளு. அதொண்ணையும் நான் குடும்பக் கணக்குல எழுதல்ல. சக்கயும் ஓலையும் ஆரு எழுதுவா? அந்தப் பணத்தையும் வீட்டுச் செலவுல போட்டேன். இப்ப மருமக்கமாரு நான் குடும்பச் சொத்தத் தின்னேன்னு கேசு குடுத்திருக்காவ. அந்தக் கேசுல, எழுதினதுக்கு மேல ஒரு காசு வாங்கல்லேன்னு நான் சத்தியம் பண்ணியாச்சு. இங்க வந்து வாங்கினேன்னு சொன்னா, அங்க பொய்ச்சத்தியம். எனக்கு எழுபத்தஞ்சு வயசு, பிள்ளே. ஜெயிலுல கிடந்து சாகணும்."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். வேட்டி நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். "நீ என்னைச் சபிச்சாலும் சரிதான்" என்றார்.

நான் போகத் திரும்பினபோது உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அவருடைய பெண்சாதி ஒரு ஓலைக் கடவத்தில் அரிசி கொண்டுவந்து படியில் வைத்தாள். நான் அதை எடுத்துக்கொண்டேன். அப்போதும் வெட்கமாக இருந்தது, இப்போது நினைத்தாலும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று வீட்டில் அரிசி இல்லை.

என் வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "வீட்டுல வச்சு ஆயிரம் சொல்லுவாவ. சாட்சிக் கூட்டுல ஏறி நின்னா அங்கத்தே பொய் சொல்ல மாட்டாரு" என்றார்.

சாட்சி நாள் வந்தது. காரணவர் கூட்டில் ஏறினார். எங்கள் வக்கீல் ஒவ்வொன்றாகக் கேட்டார். பணம் வாங்கினது உண்டா? ஓர்மையில்லை. தேங்காய்? ஓர்மையில்லை. ஓலை கட்டினது? ஆரெல்லாமோ கட்டுவாவ, ஓர்மையில்லை. முன்சீப்பே ஒரு தடவை குனிந்து, "இந்த ஆளைத் தெரியுமா?" என்று என் வீட்டுக்காரரைக் காட்டிக் கேட்டார். "தெரியும். நல்லவன்" என்றார் பெரியவர்.

வெளியே வரும்போது படியில் அவருக்குக் கால் இடறியது. பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் சட்டென்று கையைப் பிடித்துக்கொண்டார். கீழே இறங்கும்வரை விடவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பிறகு பெரியவர் குடையை விரித்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு நான் அவரைக் கண்டதில்லை.

தீர்ப்பு ஆனது. குழிக்கூறு இருநூற்றுச் சொச்சம் ரூபாய். அதில் ஐந்து வருஷப் பாட்டம், வட்டி, கேசு செலவு எல்லாம் கழித்து எங்களுக்கு வரவேண்டியது பதினேழு ரூபாயும் சில்லறையும். அந்தப் பணத்தைக் கட்டிவிட்டு விளையை எடுத்துக்கொள்ளலாம்.

"அங்கத்தே உண்மையச் சொல்லியிருந்தா?" என்று நான் வக்கீலிடம் கேட்டேன்.

"கையில கொஞ்சம் கூடக் கிடைச்சிருக்கும். இறங்கத்தான் வேண்டியிருக்கும். தவணை முடிஞ்சு போச்சில்லா?" என்றார்.

இதை அவர் முதல் நாளே எங்களிடம் சொல்லியிருக்கலாம். ஒருவேளை சொல்லியும் இருப்பார். எங்கள் காதில் குழிக்கூறு மட்டும்தான் விழுந்திருக்கிறது. அப்பீல் போடலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். முத்திரைக் காசுக்கு என்ன செய்வாய் என்று கேட்டுவிட்டு, கிடைத்தாலும் பிரயோஜனம் இல்லை என்றார் வக்கீல். அவர் எங்களிடம் வாங்கவேண்டிய பீஸையும் அன்று கேட்கவில்லை.

சீக்கிரமே குமாஸ்தா முதலாளி பதினேழு ரூபாயைக் கோர்ட்டில் கட்டிவிட்டார். வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி எங்களுக்குக் கடிதாசு வந்தது. என் வீட்டுக்காரர் போகவில்லை.

"பணம் வாங்கினாத்தானே ஒழியணும்? நான் வாங்க மாட்டேன். வாங்காதவன எப்பிடி இறக்குவான்?" என்றார்.

வாத்தியார் வந்து சொல்லிப் பார்த்தார். கோர்ட்டில் கட்டினாலே கொடுத்ததாகத்தான் அர்த்தம் என்றார். இவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். அந்த வாரம் ஆறு குழி வெட்டினார். எங்கிருந்தோ ஆறு தென்னம்பிள்ளை கொண்டுவந்து வைத்தார். எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது. "எதுக்கு இப்ப இது?" என்று கேட்டேன். "இது தீர்ப்புக்குப் பெறகு வச்சது. இதுக்கு அவன் விலை குடுக்கல்லியே" என்றார். அந்த ஆறுக்கும் வெள்ளம் விட்டேன். நான் வேறென்ன செய்ய?

அமீனா வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மழை விட்ட காலையில். கோர்ட் உத்தரவை நிறைவேற்றுகிற ஆள் அவர். காக்கிக் கோட்டு, தோளில் வில்லை. கூட காரியஸ்தர், சாமான் தூக்க நாலு ஆள், சாட்சிக்கு ஊர்க்காரர் இரண்டு பேர். உத்தரவை மலையாளத்தில் வாசித்துவிட்டுத் தமிழிலும் சொன்னார். பிறகு, "நீங்களே சாமான எடுத்து வெளிய வச்சா நல்லது. இவங்க எடுத்தா பானை சட்டி ஒடையும்" என்றார்.

என் வீட்டுக்காரர் முற்றத்தில் நின்றார். "நான் பணம் வாங்கல்ல" என்றார்.

"அது கோர்ட்டுல கிடக்கு. எப்ப வேணும்னாலும் வாங்கலாம்."

"வாங்கல்லேன்னு சொல்லுதேன்."

"சரி. சாமான எடுங்க."

அவர் மறுபடியும் அதையே சொன்னார். அமீனாவும் பொறுமையாக அதே பதிலைச் சொன்னார். நாலைந்து தடவை இப்படி நடந்தது. கடைசியில் நான்தான் உள்ளே போய்ப் பாயைச் சுருட்டினேன். என் மகள் தன் பள்ளிக்கூடப் பலகையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கட்டில் இல்லை, பெட்டி ஒன்று, அடுக்களைப் பாத்திரம், அம்மி, மண்வெட்டி, கடப்பாறை. அத்தனை வருஷக் குடும்பம் வேலிக்கு வெளியே பாதையோரத்தில் அடுக்கி வைத்தால் ஒரு மாட்டுவண்டிக்குக் காணாது.

மரச்சீனி பிடுங்கலாமா என்று கேட்டேன். காரியஸ்தர் கூடாது என்றார். அமீனா அவரைத் தனியே கூப்பிட்டு ஏதோ பேசினார். மத்தியானம்வரை பிடுங்கிக்கொள்ளலாம் என்று ஆயிற்று. இன்னும் இரண்டு மாதம் கிடந்திருந்தால் முற்றியிருக்கும். விரல் பருமனில்தான் வந்தது. அதையும் கூட்டினேன். பக்கத்து விளைப் பெண்கள் வந்து கூடப் பிடுங்கினார்கள்.

நான் கடவத்தோடு வேலியை நோக்கி வரும்போது பின்னால் ஒரு தேங்காய் விழுந்தது. நெற்று. விழுந்த காயை எடுப்பது கைப்பழக்கம். திரும்பிப்போய் எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"அத அங்க வைக்கணும்" என்றார் காரியஸ்தர்.

எனக்கு முதலில் எதைச் சொல்கிறார் என்று விளங்கவில்லை.

"தேங்காய். அது இப்ப முதலாளிக்குள்ளது."

அமீனா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். நான் தேங்காயைக் கீழே வைத்தேன். உருண்டு போகாமல் ஒரு கல்லை முட்டுக்கொடுத்து வைத்தேன், ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். அதுவரை முற்றத்தை விட்டு நகராமல் நின்றவர், அப்போதுதான் வெளியே வந்தார். காலில் மண் ஒட்டியிருந்தது. தட்டிவிடவில்லை. அமீனா ஒரு தாளில் அவருடைய கைநாட்டை வாங்கிக்கொண்டார். சமாதானமாக ஒழிந்து கொடுத்தார் என்று அதில் எழுதியிருந்ததாக வாத்தியார் பிறகு சொன்னார்.

வாத்தியார் கோட்டாற்றில் ஒரு அரிசிக்கடைக்காரருக்குக் கடிதாசு கொடுத்தார். அந்தக் கடையில் இவருக்குச் சுமட்டு வேலை கிடைத்தது. ஒரே கூரையில் எட்டு முறி கட்டி வாடகைக்கு விட்டிருந்த ஒரு வளவில் ஒரு முறி எடுத்தோம். நின்றால் தலை தட்டும். பக்கத்து முறியில் இருமினால் எங்கள் முறியில் இருமின மாதிரி கேட்கும். நான் அந்தக் கடையின் பின்கட்டில் அரிசியில் கல் பொறுக்கப் போனேன். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடியவில்லை.

நாலு மாதம் கழித்து அவரைப் பிடித்து இழுக்காத குறையாக ஆற்றங்கரைக் கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பதினேழு ரூபாயை வாங்கினோம். வக்கீலுக்குப் பன்னிரண்டு கொடுத்தோம். அவர் இரண்டைத் திருப்பித் தந்தார். திரும்பி வரும்போது விளை வழியாகப் போகலாமா என்று கேட்டேன். "வேண்டாம்" என்றார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பழக்கம் வந்தது. கடை முதலாளி ஒருநாள் என்னிடம், "உன் மாப்பிள்ளைக்கு நாகர்கோவில் கோர்ட்டுல என்ன கேசு? வாரத்துல ரெண்டு நாள் வேலைக்கு வரமாட்டேங்குதாரு" என்று கேட்டார். எங்களுக்குக் கேசு ஒன்றும் இல்லை. அந்த மாதம் வாடகை கொடுக்க முடியாமல் போனதற்குக் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மறுநாளும் அவர் கடையில் இல்லை. மத்தியானம் சோற்றுப் போணியை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். வெளியே ஒரு வேப்பமரத்தடியில் கட்சிக்காரர்கள் பத்துப்பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் இவரும் இருந்தார். துவைத்த வேட்டி கட்டி, தலையை வாரியிருந்தார்.

"இங்க என்ன செய்யுதிய?"

"இப்ப விளிப்பாவ" என்றார்.

"ஆர விளிப்பாவ? நம்ம கேசு தீந்து போச்சில்லா?"

அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். டவாலிச் சேவகன் வெளியே வந்து யாரோ ஒருவருடைய பேரை மூன்று தடவை கூவினான். மரத்தடியிலிருந்து ஒரு கிழவன் எழுந்து, தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே ஓடினான். அவனுக்கு என்ன கேசோ தெரியாது. என் வீட்டுக்காரர் அவன் போவதைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றுதான் வந்திருந்தேன். முடியவில்லை. போணியைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் சாப்பிட்டார். நானும் உட்கார்ந்தேன். கோர்ட் கலைகிறவரை அங்கேயே இருந்தோம்.